டாஸ் மண்டிக் கணக்கும் புதுப் பிரிண்டரும்

17 டிசம்பர் 2024 – கேள்வி, குடியாத்தத்திலிருந்து

எங்கள் வெல்ல மண்டியில் 1995-லிருந்து, விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஒரே புரோகிராம்தான். விவசாயிக்குக் கொடுக்கும் பட்டியல், கமிஷன், கூலி, முன்பணக் கழிவு எல்லாம் அதில் இருக்கிறது. பழைய டாட் மேட்ரிக்ஸ் (ஊசியால் ரிப்பனை அடித்து எழுதும் பிரிண்டர்) போன வாரம் ஹெட் போய் நின்றுவிட்டது. அவசரத்துக்கு ஒரு லேசர் பிரிண்டர் வாங்கினேன். விண்டோஸ் 7, 32 பிட். நோட்பேடிலிருந்து அச்சு வருகிறது. மண்டி புரோகிராமிலிருந்து வரவில்லை. பிரிண்டரை ஷேர் செய்து நெட் யூஸ் கட்டளை போடச் சொன்னார்கள், போட்டேன். விளக்கு சிமிட்டுகிறது, தாள் வரவில்லை. புரோகிராமையே மாற்றச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் இன்று இல்லை. பொங்கலுக்கு நான்கு வாரம்தான். என்ன செய்யலாம் அண்ணா?

17 டிசம்பர், இரவு 9.10

புரோகிராமைத் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே இரண்டு பென் டிரைவில் காப்பி எடுங்கள். டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளில்தான் 29 வருஷக் கணக்கு இருக்கிறது. அச்சு வராததால் அதில் ஒரு மூட்டைக் கணக்குகூடக் கெடவில்லை.

17 டிசம்பர், இரவு 10.05

டாஸ் புரோகிராமுக்கு பிரிண்டர் என்றால் எல்பிடி1 என்ற போர்ட் மட்டும்தான். கம்ப்யூட்டர் பக்கம் 25 பின், பிரிண்டர் பக்கம் 36 பின் உள்ள தடித்த பேரலல் கேபிள். அதன் வழியே எழுத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும். மறுமுனையில் என்ன பிரிண்டர் என்று அதற்குத் தெரியாது. யூஎஸ்பி என்ற சொல்லே வராத காலத்தில் எழுதியது. நெட் யூஸ் கட்டளை எல்பிடி1-க்குப் போவதைப் பிடித்து ஷேர் செய்த பிரிண்டருக்குத் திருப்பிவிடுகிறது. விளக்கு சிமிட்டுகிறது என்றால் அந்த வழி திறந்துவிட்டது.

பிறகு ஏன் தாள் வரவில்லை? லேசர் முழுப் பக்கமாகத்தான் அச்சிடும். பக்கம் நிறைய வேண்டும், அல்லது பக்கத்தைத் தள்ளு என்ற குறி, அதாவது எண் 12, வர வேண்டும். உங்கள் பட்டியல் 40 வரி இருக்குமா? அதை வாங்கி வைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பிரிண்டர் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் பிரிண்ட் பிராசசர். அங்கே 'ரா' என்று இருப்பதை 'ரா எஃப்எஃப் ஆட்டோ' என்று மாற்றிப் பாருங்கள். வேலையின் முடிவில் அந்த 12 இல்லையென்றால் அதுவே சேர்த்துவிடும்.

18 டிசம்பர், காலை 7.30

இரண்டு விஷயம் விட்டுப்போனது. நெட் யூஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கருப்புத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) போட்டால் சாதாரணமாகத் திறக்கும் மண்டி புரோகிராமுக்கு அது தெரியாது. சாதாரணத் திரையிலேயே போடுங்கள். ஷேர் பெயர் 8 எழுத்துக்குள், நடுவில் இடம் விடாமல் இருக்கட்டும்.

இன்னொன்று: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினால் இந்த வழி அடைபடும். பிரிண்டர் அதே கம்ப்யூட்டரில் இருந்தாலும் போக்குவரத்து நெட்வொர்க் வழியாகத்தான். கடையில் இன்டர்நெட் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டர் என்று ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது, அதைச் சேர்த்துவிடுங்கள்.

19 டிசம்பர்

முந்தாநாள் நான் சொன்ன 12-ஆம் எண் கதையைத் திருத்த வேண்டும். மாடல் எண்ணை அனுப்பியிருந்தீர்கள். இது ஹோஸ்ட் பேஸ்டு வகை. இந்த வகைக்கு எழுத்து தெரியாது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர் பக்கத்தைப் படமாக வரைந்து அனுப்பினால் அந்தப் புள்ளிகளைத் தாளில் வைக்கும், அவ்வளவுதான். 'அ' என்று அனுப்பினாலும் 'ஏ' என்று அனுப்பினாலும் அதற்குக் குப்பை. நோட்பேடிலிருந்து வருகிறதே என்றால், நோட்பேட் டிரைவர் வழியாகப் போகிறது. டாஸ் புரோகிராம் டிரைவரைத் தொடுவதில்லை.

பிசிஎல் புரியும் லேசராக இருந்தால் நான் சொன்னது பலித்திருக்கும். 1984-இல் வந்த எச்பி லேசர்ஜெட்டிலிருந்தே இருக்கும் பிரிண்டர் மொழி அது. வெறும் எழுத்தையும் ஏற்கும். வாங்கும் முன்பே எளிய சோதனை உண்டு: 'ரா எஃப்எஃப் ஆட்டோ' வைத்து, கருப்புத் திரையில் டிஐஆர் (ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் கட்டளை) போட்டு அதன் விடையை எல்பிடி1-க்குத் திருப்புங்கள். ஃபோல்டர் பட்டியல் தாளில் வந்தால் அந்தப் பிரிண்டருக்கு எழுத்து தெரியும். வராவிட்டால் தலைகீழாக நின்றாலும் நேரடியாக வராது, நடுவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

19 டிசம்பர், மதியம்

யூஎஸ்பியிலிருந்து பேரலல் போகும் கேபிள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காக வேண்டாம். 2009-இல் லாங் பஜாரில் ஓர் அடகுக் கடைக்காக நான் வாங்கி இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அது எல்பிடி1 ஆக வராது. யூஎஸ்பி001 என்ற பெயரில்தான் விண்டோஸில் வரும், டாஸுக்குக் கண்ணில் படாது. அன்று கடை வாசலில் நகையோடு நின்றவர்களுக்கெல்லாம் கையால் ரசீது எழுதினார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் மனதில் உறுத்துகிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பழைய பேரலல் பிரிண்டரை விண்டோஸ் புரோகிராமில் பயன்படுத்த அந்த கேபிள் நல்லது. டாஸுக்கென்றால் உள்ளே செருகும் பேரலல் கார்டு வேறு விஷயம். அது பெரும்பாலும் எல்பிடி3 என்று வரும், டிவைஸ் மேனேஜரில் எல்பிடி1 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

21 டிசம்பர்

நேற்று பள்ளிகொண்டா வழி பஸ் பிடித்து குடியாத்தம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்: பட்டியல் எத்தனை நகல்?

மூன்று. வெள்ளை விவசாயிக்கு, மஞ்சள் வாங்குபவருக்கு, ரோஸ் மண்டிக்கு. நடுவே கார்பன். ஊசி ரிப்பனை அடிக்கும் அடியில்தான் மூன்றிலும் ஒரே நேரத்தில் எழுத்து விழுகிறது. லேசரிலோ இங்க் டேங்கிலோ அடி என்பதே இல்லை. மூன்று முறை தனித்தனியாக அச்சிடலாம், ஆனால் மண்டியில் ஒரே அடியில் விழுந்த மூன்று தாளுக்குத்தான் மதிப்பு. வெள்ளையில் ஒரு எடை, ரோஸில் வேறு எடை என்று யாரும் சொல்ல முடியாது. விவசாயியின் நம்பிக்கை அந்தக் கார்பன் தாளில் இருக்கிறது. அணைக்கட்டிலிருந்து விடியற்காலை வெல்லம் ஏற்றி வந்த பெரியவர் ஒருவர் மூன்று தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆகவே நான் லேசரோடு மல்லுக்கட்டச் சொன்னதே தவறான பாதை. லேசரை வீட்டில் பிள்ளைகள் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு 9 பின், அதாவது 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் ஒன்று, யூஎஸ்பி உள்ளதாக வாங்குங்கள். இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. எப்சன் அந்தக் காலத்தில் வகுத்த இஎஸ்சி/பி என்ற குறிமொழிதான் இன்றைக்கும் அதில் ஓடுகிறது. உங்கள் புரோகிராம் பேசுவதும் அதே மொழி.

23 டிசம்பர்

புதுப் பிரிண்டர் வந்து, ஷேர் செய்து, நெட் யூஸ் போட்டு, முதல் பட்டியல் எழுத்தோடு வந்துவிட்டது என்று இரவே போன் வந்தது. நிம்மதி. ஆனால் கட்டம் போட்ட இடத்தில் கோட்டுக்குப் பதில் சாய்ந்த ஆங்கில 'டி' (D) எழுத்து வரிசையாக விழுகிறதாம். செங்குத்துக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்த 3.

இதற்குக் காரணம் தெளிவானது. படுக்கைக் கோட்டின் எண் 196, செங்குத்துக் கோடு 179. எப்சன் வழியில் 128-க்கு மேலே உள்ள எண்களுக்கு இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று கோடுகள் உள்ள 437. இன்னொன்று சாய்ந்த எழுத்துகள். சாய்ந்த அட்டவணையில் இருந்தால் 128-ஐக் கழித்துக்கொள்ளும். 196-இல் 128 போனால் 68, அது 'டி'. 179-இல் போனால் 51, அது 3 என்ற இலக்கம். இதுவே விண்டோஸ் எழுத்துருவில் என்றால் கோட்டுக்குப் பதில் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில 'ஏ' (Ä) வரும். எந்தக் குப்பை வருகிறது என்று பார்த்தாலே கோளாறு பிரிண்டரிலா விண்டோஸிலா என்று சொல்லிவிடலாம்.

கோடுகள் உள்ள அட்டவணைக்கு மாறு என்று சொல்லும் 27, 116, 1 என்ற மூன்று எண்ணை ஒரு கோப்பில் வைத்து, புரோகிராம் தொடங்கும் முன் பேட்ச் கோப்பிலிருந்து (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) பிரிண்டருக்கு அனுப்பச் சொன்னேன்.

24 டிசம்பர்

அது போதவில்லை. முதல் பட்டியலிலேயே மறுபடி 'டி' விழுந்தது. யோசித்தபோது புரிந்தது: புரோகிராம் ஒவ்வொரு பட்டியலின் தொடக்கத்திலும் 27, 64 அனுப்புகிறது. எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்குப் போ என்று பொருள். நான் முன்கூட்டிச் சொன்னதும் சேர்ந்து அழிந்துவிடும். அந்தப் 'பழைய நிலை'யையே மாற்ற வேண்டும். பிரிண்டர் பட்டனை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் செட்டிங் மெனு வரும், அதுவே கேள்விகளைத் தாளில் அச்சிட்டுக் காட்டும். எழுத்து அட்டவணையை 437-க்கு மாற்றியதும் கோடு கோடாக வந்தது.

27 டிசம்பர்

அதே மெனுவில் இன்னொன்றையும் மாற்றச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். பட்டியல் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு அங்குலம் மேலே ஏறுகிறதாம். மண்டித் தாள் 10-க்கு 12 அங்குலம், நம் ஊரில் எங்கும் விற்கிற அளவு. பிரிண்டர் தன் தாள் 11 அங்குலம் என்று நினைத்திருக்கிறது. ஒரு அங்குலத்துக்கு 6 வரி, 11-க்கு 66 வரி. நமக்கு வேண்டியது 72. பழைய பிரிண்டரில் இதைக் குட்டி சுவிட்ச் ஒன்று பார்த்துக்கொண்டது. யாரோ 1995-இல் தள்ளி வைத்ததை யாரும் அதன் பிறகு தொடவில்லை.

கடையில் வேலை பார்க்கும் பையன் "13-ஆவது பட்டியல் தானாகவே சரியாக வந்துவிட்டது சார்" என்றானாம். நன்றாகக் கவனித்திருக்கிறான். 12 முறை 11 அங்குலம் என்றால் 132. அது 12 அங்குலத் தாளில் சரியாக 11 தாள். அதனால் 13-ஆவது மட்டும் இடத்தில் விழும், 14-ஆவது மறுபடி ஏறும். தாள் நீளத்தை 12 ஆக்கியதும் தீர்ந்தது.

30 டிசம்பர்

பட்டியல் கொடுத்தால் கால் நிமிஷம் கழித்துத்தான் வருகிறது என்ற குறைக்கு: டாஸ் புரோகிராம் 'முடிந்தது' என்று சொல்வதில்லை, வெறுமனே நிறுத்திவிடும். இன்னும் வருமோ என்று விண்டோஸ் 15 வினாடி பார்க்கும். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எல்பிடி டைம்அவுட் என்று இருப்பதை 3 ஆக்கினோம். ஒன்று என்று வைக்க வேண்டாம், நீளமான பட்டியல் நடுவில் அறுந்துவிடலாம்.

6 ஜனவரி 2025

தமிழில் பட்டியல் அடிக்க முடியாதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. 9 பின் எழுத்தாக அடிக்கும்போது உள்ளே பதிந்திருக்கும் எழுத்தைத்தான் அடிக்கும், அதில் தமிழ் இல்லை. விண்டோஸ் வழியாகப் படமாக அனுப்பினால் தமிழ் வரும், ஆனால் ஒரு வரிக்குப் பல முறை ஹெட் ஓட வேண்டும். வரிசை நிற்கும் மண்டியில் அது ஓடாது. நல்ல வழி பழைய வழிதான். மூட்டை, எடை, கூலி, முன்பணம் என்ற தலைப்புகளை அச்சகத்தில் தமிழில் அடித்த தாள், எண்களை மட்டும் பிரிண்டர் நிரப்பட்டும்.

ஊர்ப் பெயர்தான் வருத்தம். ஆங்கிலத்தில் 8 எழுத்துக்கு மேல் அந்தக் கட்டத்தில் இடமில்லை. பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் எல்லாம் வால் இல்லாமல் நிற்கின்றன. ரூபாய்க் குறியும் இதே கதை. 2010 ஜூலையில்தான் ₹ வந்தது. 437 அட்டவணை 256 எழுத்தோடு அதற்கு வெகு முன்பே மூடப்பட்டுவிட்டது. அதில் ஸ்பெயின் நாட்டுப் பெசட்டாவுக்கு 158-இல் இடம் இருக்கிறது, நமக்கு இல்லை.

16 ஜனவரி

பொங்கல் முடிந்தது. பட்டியல் ஒன்றுகூடக் கையால் எழுதவில்லை என்று தம்பி அச்சு வெல்லம் கொடுத்தனுப்பினார்.

3 மே

வெயில் பற்றிய சின்னக் குறிப்பு. வேலூர்ப் பக்கம் இந்த மாதத்தில் ரிப்பன் சீக்கிரம் வெளுக்கும். ஜன்னலோரம் பிரிண்டர் வைக்காதீர்கள். வெளுத்த ரிப்பனில் மை ஊற்றி ஓட்டுவது எல்லாரும் செய்வது. ஒரு முறை பரவாயில்லை. அதற்குமேல் துணி பிசிறு தட்டி ஊசியில் மாட்டும், ஊசி உடையும். ஹெட் விலையோடு பார்த்தால் ரிப்பன் விலை ஒன்றுமில்லை. பழைய பிரிண்டரின் ஹெட் போனதும் அப்படித்தான் என்று கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது.

14 ஜூன்

பட்டியல் தலைப்பில் இன்னும் 'என்.ஏ.ஏ.டிடி.' (N.A.A.DT.) என்று வருகிறது, மாற்ற முடியுமா என்று தம்பி கேட்டார். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது வந்த பெயர். பிறகு அது வேலூர் மாவட்டம் ஆனது, 2019-இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. புரோகிராமுக்கு இது எதுவும் தெரியாது.

மாற்றலாம். மூலக் கோப்பு இல்லாவிட்டாலும், ஓடும் புரோகிராமான இஎக்ஸ்இ கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் ஒவ்வொரு எண்ணையும் காட்டித் திருத்தவிடும் கருவி) திறந்தால் அந்த எழுத்துகள் அப்படியே தெரியும். எண்ணிக்கை மட்டும் கூடவோ குறையவோ கூடாது. ஆங்கிலத்தில் புள்ளியோடு 9 இடம். வேலூர் (VELLORE) 7 எழுத்து, மீதி இரண்டில் ஸ்பேஸ். ஒரு காப்பியில் செய்து காட்டினேன், சரியாக வந்தது.

15 ஜூன்

தம்பியின் நைனா வேண்டாம் என்றுவிட்டார். மண்டி தொடங்கிய காலத்துப் பெயர், இருக்கட்டும் என்றாராம். பழைய இஎக்ஸ்இ-யே ஓடுகிறது. எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

22 ஆகஸ்ட்

அந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் மதர்போர்டு போய்விட்டது. புதியதில் விண்டோஸ் 11. அது 64 பிட்டில் மட்டும்தான் வரும், 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராமுக்கு இடமே கிடையாது. டபுள் கிளிக் செய்தால் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று சொல்லிவிடும். டிசம்பரில் செய்த நெட் யூஸ், டைம்அவுட் எல்லாம் போச்சு. பென் டிரைவ் காப்பி இருந்ததால் கணக்கு போகவில்லை.

இனி டாஸையே ஒரு புரோகிராமுக்குள் ஓட்ட வேண்டும். பலருக்கும் தெரிந்த டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, அதில் அச்சு வசதி இல்லை. அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸில் உண்டு. விடாஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அது அலுவலகப் புரோகிராம்களுக்காகவே வந்தது. நான் டாஸ்பாக்ஸ்-எக்ஸை எடுத்தேன்.

24 ஆகஸ்ட்

டாஸ்பாக்ஸ்-எக்ஸில் இரண்டு வழி. ஒன்று, அதற்குள்ளேயே ஒரு போலி எப்சன் பிரிண்டர். அது குறிகளைப் படித்து பக்கத்தைப் படமாக வரைந்து, விண்டோஸில் இருக்கும் எந்தப் பிரிண்டருக்கும் தரும். டிசம்பரில் நான் சொன்ன மொழிபெயர்ப்பாளர் இதுதான். வீட்டுக்குப் போன அந்த லேசரில்கூட இப்போது பட்டியல் வருகிறது. கார்பன் வேண்டாதவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, எல்பிடி1-ஐக் கோப்பாக வைப்பது. பிரிண்டருக்குப் போகும் ஒவ்வொரு எண்ணும் அப்படியே ஒரு கோப்பில் விழும். இத்தனை மில்லிசெகண்ட் எதுவும் வராவிட்டால் கோப்பை மூடு, மூடியதும் இந்தக் கட்டளையை ஓட்டு என்று சொல்லலாம். அந்தக் கட்டளையில் காப்பி என்ற டாஸ் கட்டளையோடு சாய்கோடு பி (/b) போட்டு ஷேர் செய்த டாட் மேட்ரிக்ஸுக்கு அனுப்பினோம். 'பி'யை விடக்கூடாது. இல்லையென்றால் காப்பி அதை வெறும் எழுத்துக் கோப்பாக நினைத்து 26-ஆம் எண்ணைக் கண்டதும் நின்றுவிடலாம்.

மண்டிக்கு இரண்டாவதுதான் சரி. காரணம், ஒவ்வொரு பட்டியலும் கோப்பாகத் தங்குகிறது. தாள் மாட்டிக் கிழிந்தால் கணக்கைத் திறக்காமலே அதே பட்டியலைத் திரும்ப அடிக்கலாம். பட்டியலைத் திருத்தி அடித்தார்களா என்ற பேச்சே வராது. இதை டிசம்பரிலேயே விண்டோஸ் 7-இல் செய்திருக்கலாம், எட்டு மாதம் முன்பே. என் யோசனை முழுக்கப் பிரிண்டர் மேலேயே இருந்துவிட்டது.

24 ஆகஸ்ட், இரவு

ஒன்று சேர்க்கிறேன். எக்ஸ் குறியைத் தட்டி டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஜன்னலை மூடாதீர்கள். மண்டி புரோகிராமில் வெளியேறு கொடுத்துவிட்டு மூடுங்கள். டிபிஎஃப் கோப்பின் தலையில் எத்தனை பதிவு என்ற எண் இருக்கும், அதை எழுதி முடிக்கும் முன் மூடினால் கடைசிப் பட்டியல்கள் காணாமல் போகும். கடையில் ஒரு நாள் நடந்துவிட்டது. இரண்டு பட்டியல். கோப்பாகப் பிடித்த அச்சு இருந்ததால் அதைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம்.

9 நவம்பர்

ஆரணியில் அரிசி மண்டி வைத்திருப்பவர் கேட்டது: 'பிரிண்டர் ரெடியாக இல்லை' என்று புரோகிராமே மறுக்கிறது, 32 பிட் விண்டோஸ் 10, நெட் யூஸ் சரியாகத்தான் இருக்கிறது.

உங்களுடையது கிளிப்பர் என்ற டாஸ் காலத்துப் புரோகிராம் மொழியில் எழுதியதாக இருக்கும். இண்டெக்ஸ் கோப்புகள் என்டிஎக்ஸ் என்று முடிகிறதா பாருங்கள். அதில் அச்சிடும் முன் பிரிண்டர் தயாரா என்று போர்ட்டையே நேரடியாகக் கேட்கும் வசதி உண்டு. நெட் யூஸில் திருப்பிவிட்ட போர்ட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் போலி போர்ட் 'தயார்' என்று பதில் சொல்லிவிடும், அங்கே ஓடும். எப்படியும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. மாறித்தான் ஆக வேண்டும் என்றால் அறுவடைக்கு முன்பே மாறுங்கள். முதலில் காப்பி, இரண்டு பென் டிரைவில்.

10 நவம்பர்

ஆரணிக்காரர் கேட்ட துணைக் கேள்வி: அவர் தாள் 15-க்கு 12 அங்குலம், 132 காலம், அதாவது ஒரு வரிக்கு 132 எழுத்து. புதிதாகக் கிடைத்தது 80 காலப் பிரிண்டர். 15-ஆம் எண்ணை முன்னால் அனுப்புங்கள், எழுத்து நெருங்கி 8 அங்குலத்தில் 137 எழுத்து வரும். முடிவில் 18 அனுப்பி விடுவிக்கவும். எழுத்து பொடியாக இருக்கும். வயதானவர்கள் படிக்கும் தாள் என்றால் அகலப் பிரிண்டரே தேடுங்கள்.